பீபாப்பா, கூல் ஜாஸா: முதலில் எதில் கை வைப்பது?

பீபாப், கூல் இரண்டும் ஜாஸ் இசையின் பாணிகள். கேட்பதற்கு என்றால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, இரண்டையும் கேளுங்கள். சாக்சபோனோ டிரம்பெட்டோ பியானோவோ கற்பவர் முதல் இரண்டு வருட உழைப்பை எதில் போடுவது என்பதுதான் இங்கே பேச்சு. என் ஓட்டு பீபாப்புக்கு.

மேலோட்டமான வித்தியாசங்கள் தெரிந்தவைதான். பீபாப் 1940களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஹார்லெமில், மிண்டன்ஸ் பிளேஹவுஸ் போன்ற கிளப்களில் இரவில் கலைஞர்கள் கூடி மனோதர்மமாக வாசிக்கும் ஜாம்களில் வளர்ந்தது. தெலோனியஸ் மங்க், கென்னி கிளார்க், டிஸ்ஸி கில்லெஸ்பி, சார்லி பார்க்கர் எல்லாம் அங்கே முட்டி மோதியவர்கள். வேகமும் சுர நெருக்கமும் அதிகம். கூலில் வேகம் மட்டு, தொனியில் அசைவு குறைவு, எழுதி வைத்த பகுதிகள் நிறைய. ஒன்று கிழக்குக் கரை, மற்றது மேற்குக் கரை என்று கோடு கிழிப்பது சோம்பேறித்தனம். 1945 நவம்பரில் பார்க்கரின் ‘கோ-கோ’ என்ற பீபாப் பதிவுக்கு டிரம்ஸ் வாசித்த மேக்ஸ் ரோச்தான், 1949 ஜனவரியில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஒன்பது பேர் கூல் குழுப் பதிவிலும் டிரம்ஸ். இரண்டு பதிவும் நடந்தது நியூயார்க்கில்தான்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்யும் விஷயம் ஒன்றே ஒன்று: கற்றதைக் கைவசம் வைத்திருக்க எவ்வளவு பராமரிப்பு வேண்டும் என்பது. டேவிஸின் அந்தக் குழுவில் டிரம்பெட், டிராம்போன், பிரெஞ்சு ஹார்ன், டியூபா, ஆல்டோ சாக்சபோன், பாரிடோன் சாக்சபோன், பியானோ, பாஸ், டிரம்ஸ். கில் எவன்ஸும் ஜெரி மல்லிகனும் எழுதிய அந்த நிறக்கலவை ஒன்பது பேரும் வந்து, தாளைப் பிரித்து வைத்து, ஒத்திகை பார்த்தால்தான் கேட்கும். 1948 செப்டம்பரில் ராயல் ரூஸ்ட் கிளப்பில் கொஞ்ச நாள் மேடை, பிறகு மூன்று அமர்வுகளில் பன்னிரண்டு பதிவுகள், அத்தோடு குழு கலைந்தது. பீபாப்புக்கு இரண்டு ஊதுகருவியும், பியானோ-பாஸ்-டிரம்ஸ் என்ற ரிதம் செக்‌ஷனும் போதும். கற்றது உங்கள் விரலிலேயே இருக்கும், எந்த ஊர் ஜாமிலும் செல்லுபடியாகும்.

விரலில் இருப்பது என்ன என்று ஒரு உதாரணம். நம் கர்நாடக இசைக் கணக்கில் ஹரிகாம்போதி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஓடும் கார்டின், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டின், சுரங்கள் ச, க, ப, கைசிகி நி. மேல் சட்ஜத்தில் தொடங்கி, தட்டுக்கு இரண்டு சுரமாக நேரே இறங்கினால் இரண்டாம் தட்டில் த, மூன்றாவதில் ம, நான்காவதில் ரி விழும். முதல் சட்ஜம் போக, கார்டின் சுரங்கள் எல்லாம் தட்டுக்கு நடுவே போய்விடும், காதுக்கு வழுக்கும். இப்போது காகலி நிஷாதத்தையும் சேர்த்து ச-நி-நி-த-ப-ம-க-ரி என்று எட்டாக்குங்கள். நான்கு தட்டிலும் ச, நி, ப, க. பீபாப் ஸ்கேல் என்று பிற்பாடு பெயர் வைத்தது இதைத்தான். ரிஷபத்தில் தொடங்க நேர்ந்தால்? ரிக்கும் சட்ஜத்துக்கும் நடுவே சுத்த ரிஷபத்தைத் தொட்டு இறங்குங்கள், சட்ஜம் இரண்டாம் தட்டில் சரியாக உட்காரும்.

அடுத்தது சுற்றி வளைத்தல்: அந்தர காந்தாரத்தில் இறங்க வேண்டுமானால் முதலில் மத்யமம், பிறகு சாதாரண காந்தாரம், அப்புறம்தான் இலக்கு. இந்த இரண்டையும் மெட்ரோனோமில் 60 வைத்து, தட்டுக்கு இரண்டு சுரமாக, பன்னிரண்டு சுருதியிலும் சாதகம் செய்யுங்கள். தடுமாறாமல் வந்த பிறகு மெட்ரோனோமின் எண்ணை நான்கு நான்காக ஏற்றலாம்.

கெடுவது பெரும்பாலும் வேகத்தால் இல்லை, அழுத்தத்தால். ஒவ்வொரு தட்டிலும் நாக்கால் அடித்தால் அணிவகுப்பு இசை மாதிரி ஆகிவிடும். தட்டுக்கு நடுவில் வரும் சுரத்தை நாக்கால் தொட்டு, தட்டின் சுரத்துக்கு இழைத்து விடுங்கள். மெட்ரோனோமில் 200ஐத் தாண்டினால் சுரங்கள் ஏறக்குறைய சம நீளமாகிவிடும். அங்கேயும் நீளம்-குட்டை ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் பின்தங்குவீர்கள். ‘கோ-கோ’ ஏறக்குறைய 300இல் ஓடுகிறது, அதில் தொடங்காதீர்கள்.

இன்னொரு லாபம், பழைய பாட்டின் கார்டுகள் மீது புது மெட்டு கட்டும் வழக்கம். ‘கோ-கோ’வின் எலும்புக்கூடு ‘செரோக்கி’ என்ற பழைய பாட்டு. ‘ஐ காட் ரிதம்’ பாட்டிலிருந்து ஜாஸ்காரர்கள் எடுத்த 32 பார் (ஆவர்த்தனம் மாதிரி) கார்டு வரிசையும் பன்னிரண்டு பார் புளூஸும் கைவசம் இருந்தால், பார்க்கர் மெட்டுகளில் பெரும் பங்குக்குக் கதவு திறந்துவிடும்.

கூலுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். 1952இல் லாஸ் ஏஞ்சலஸில் பாரிடோன் சாக்சபோனில் மல்லிகனும் டிரம்பெட்டில் செட் பேக்கரும் பியானோவே இல்லாமல் வாசித்தார்கள். இருவர் வாசிப்பிலேயே கார்டு தெரிய வேண்டும், ஒருவர் காந்தாரத்தில் நின்றால் மற்றவர் நிஷாதத்தைப் பிடிக்க வேண்டும். இருவரும் ஒரே சுரத்தில் போய் நின்றால் அடியில் பாஸ் மட்டும் அனாதையாக நிற்கும். கேட்க எளிது, செய்ய அப்படியில்லை. மெதுவாக, மெல்ல ஊதினால் கூல் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது சுருதியில். அசைவில்லாத நீண்ட சுரத்தில் மயிரிழை விலகல்கூட மறையாது, சத்தத்தைக் குறைக்கும்போது மூச்சின் பிடியும் தளர்ந்தால் சுருதி நழுவும்.

நம்மவர்களுக்குச் சுலபமாகப் பிடிபடும் கூல் வாசல் டேவ் புரூபெக் குழு. பால் டெஸ்மண்ட் எழுதிய ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கை, ஆனால் 3+2. கண்ட சாபுவின் 2+3 கையில் ஊறியவர்கள் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிபாரிசு ஊதுகருவிக்கும் பியானோவுக்கும்தான் உறுதியாகப் பொருந்தும். பாடுபவருக்கு இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். பேக்கரின் டிரம்பெட் தனி வாசிப்புகள் பல அப்படியே வாய்விட்டுப் பாடக்கூடியவை, அவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம்.