எந்த யாக்கோபு வேணும்?

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய வேதாகமம் இருக்கிறது. அட்டை எப்போதோ போய்விட்டது. முதுகில் சாக்குத் துணி ஒட்டியிருக்கிறோம். பூட்டன் 1927-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியபோது கொண்டுவந்தது. முன்பக்க வெற்றுத்தாளில் தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைகளின் பெயர், ஞானஸ்நானத் தேதி எல்லாம் அவர் கையாலேயே எழுதியது. ஒரு சின்னத் தாத்தாவின் பெயருக்கு நேரே மட்டும் "சயாமுக்குப் போனான், 1943" என்று நிற்கும். சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. போர்க்காலத்தில் அங்கே மரண ரயில் பாதை போட ஜப்பான்காரன் கொண்டுபோன தோட்டத் தமிழர்களில் அவரும் ஒருவர். திரும்பவில்லை.

பட்டியலின் முதல் வரி பூட்டனின் பிறப்பு: யாக்கோபு, 1903, பக்கத்தில் தாயின் பெயர் மட்டும். அதற்கு மேலே காலி. அங்கே யார் இருந்தார்கள் என்று பார்க்கத்தான் மே மாத விடுமுறையில் தமிழ்நாட்டில் பூட்டனின் ஊர்ப்பக்கம் போனேன்.

போகும் முன்பே ஒரு தவறு செய்தேன். வம்சாவளி எடுத்துத் தருவதாகச் சொன்ன ஓர் ஆளுக்கு 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். இரண்டே வாரத்தில் அழகான வண்ண அச்சில் குடும்ப மரம் வந்தது. யாக்கோபின் தகப்பன் ஈசாக்கு, ஈசாக்கின் தகப்பன் ஆபிரகாம். மனிதர் ஆதியாகமத்தைத் திறந்துவைத்தே எழுதியிருக்கிறார்! எங்கள் பக்கம் அப்படிப் பெயர் வைக்கிறவர்கள் உண்டு என்பதால் நான் ஒரு நாள் முழுக்க அதை நம்பினேன் என்பதுதான் வெட்கம்.

திருச்சியில் இறங்கி, இரவு ரயிலில் வள்ளியூர். ரயில் நேரத்துக்கு வந்தது, போர்வை சுத்தம், குறை இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் பசியாறிவிட்டு 500 ரூபாய்த் தாளை நீட்டினால், "ஜிபே இல்லையா?" என்று பரிதாபமாகப் பார்க்கிறார்கள். என் மலேசிய அட்டையை இரண்டு ஏடிஎம் துப்பிவிட்டன, மூன்றாவதுதான் இரங்கியது. வாடகைக் கார் ஒரு நாளுக்கு 3,000, மலேசியக் காசுக்கு ஏறக்குறைய 150 வெள்ளி (ரிங்கிட்). பேருந்தும் இருக்கிறது. ஆனால் கிராமம் கிராமமாக இறங்கி ஏற வேண்டியவர்களுக்கு அது ஒத்துவராது.

முதலில் போன ஓர் அலுவலகத்தில் "கடிதம் கொண்டு வாங்க" என்றார்கள். யாரிடமிருந்து என்று கேட்டதற்கு, மேலேயிருந்து என்றார்கள். எந்த மேலே என்று தெரியாமல் வெளியே வந்தேன். டிரைவர்தான், "நேரா சேகரத்து ஐயரைப் பாருங்க" என்றார். ஐயர் என்றால் எங்கள் பக்கம் சபையின் போதகர். அங்கே அவர் ஐந்து நிமிஷத்தில் ஒரு தாளில் பெயர், ஊர், வருஷம் எழுதி வாங்கிக்கொண்டு, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைக் கூப்பிட்டு அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டார். கட்டணம் கிடையாது, காணிக்கைப் பெட்டியைக்கூட நானேதான் தேடிக் கண்டுபிடித்தேன்.

கோயில்பிள்ளைக்கு எழுபது வயதிருக்கும். ஞானஸ்நான ரிஜிஸ்தரைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "எய்யா, எந்த யாக்கோபு வேணும் ஒங்களுக்கு? அந்தக் காலத்துல தெருவுக்கு நாலு யாக்கோபு கெடந்தான்."

உண்மைதான். 1903-க்கு அக்கம்பக்கம் மட்டும் ஏழு யாக்கோபு. வேதாகமத் தாளில் இருந்த தாயின் பெயரை வைத்துத்தான் எங்களுடையவரைப் பிரித்தெடுத்தோம். அவருடைய தகப்பனைத் தேடிப் பின்னால் போனால், பழைய ரிஜிஸ்தரின் ஓரங்கள் செல்லரித்திருந்தன. மை தாளைத் தின்று, சில எழுத்துகள் ஓட்டையாகவே இருந்தன. ஜன்னலோரம் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் பார்த்தோம். பூட்டனின் தகப்பன் அதில் ஆறு வயதுப் பையன். அவன், அவன் தாய், தகப்பன் மூவருக்கும் ஒரே நாளில் ஞானஸ்நானம். பையனுடைய தகப்பனின் பழைய பெயர் சுடலைமுத்து. தொழில் பனையேற்று. வருஷம் 1878.

அந்த வருஷத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் துணுக்கென்றது. எங்கள் குடும்பத்தில் சொல்லிவந்த கதை வேறு. முன்னோர் ஒருவர் பனை உச்சியில் இருக்கும்போது வெளிச்சம் கண்டு இறங்கி வந்து மனந்திரும்பினார் என்பார்கள். அத்தை அதை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் புரட்டிப்போட்டது தாது வருஷப் பஞ்சம். கிறிஸ்தவ மிஷன் கஞ்சித்தொட்டி வைத்து உதவியது. அந்தச் சமயத்தில் நெல்லைச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் சபைக்கு வந்தார்கள். அதே பக்கத்தில் எங்களுக்கு மேலும் கீழும் குடும்பம் குடும்பமாகப் பெயர்கள். கஞ்சிக்கு வந்த கூட்டம் என்று அப்போதே ஏளனம் செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் ஏளனம் எதுவும் தெரியவில்லை. ஆறு வயதுப் பிள்ளையை உயிரோடு வைத்திருக்க ஒரு தகப்பன் எந்த வாசலுக்கும் போவான். பஞ்சம் தீர்ந்த பிறகும் அந்தக் குடும்பம் அங்கேயே நின்றதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்தப் பிள்ளையின் மகன் கப்பலேறும்போது வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு போகிறான்!

மத்தியானம் இடையன்குடி. தமிழறிஞரும் மிஷனரியுமான கால்டுவெல் 1841-ல் வந்து குடியேறிய ஊர். தூய திரித்துவ ஆலயத்தை 1847-ல் தொடங்கி 1880-ல்தான் முடித்தார்கள், 33 வருஷம். பஞ்ச காலமும் அதற்குள் அடங்கும். உள்ளே கால்டுவெல்லின் கல்லறை. வெளியே செம்மணல் காலைச் சுட்டது. நிழலில் ஒரு அம்மா நுங்கு சீவிக் கொடுத்தார்கள். அவர்களிடம் மட்டும் ஜிபே பற்றிய பேச்சு இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. வேதாகமத்தின் முன்தாளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பிரதி எடுக்கப் போன கடையில் "லேமினேட் பண்ணிடலாம்ணே, நூறு வருஷம் நிக்கும்" என்று வாங்கி மெஷின் பக்கம் திரும்பிவிட்டார். பாய்ந்து பிடுங்கினேன். பழைய தாளைச் சூட்டில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. வெளிச்சத்தில் வைத்து போனில் படம் எடுத்தால் போதும், ஃப்ளாஷ் வேண்டாம். தாள் ஈரமில்லாத பெட்டியில் கிடக்கட்டும்.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். சுடலைமுத்து என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அந்தப் பேரையும் எழுதிடு" என்றார். அத்தை பக்கத்திலிருந்து போனை வாங்கி, பஞ்சத்தை மட்டும் எழுத வேண்டாம் என்றார்.

1903-க்கு மேலே இருந்த காலி இடத்தில் பென்சிலால் இரண்டையும் எழுதியிருக்கிறேன். அத்தைக்கு இன்னும் காட்டவில்லை.