விமான உணவகம் என்று சொல்லி 18,600 ரூபாயை விழுங்கிவிட்டார்கள்

நேற்று இரவு நடந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுதவிடாது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், நெடுஞ்சாலை ஓரமாக, "நிஜ விமானத்துக்குள் விருந்து" என்று பலகை வைத்திருக்கும் ஓர் உணவகத்தில் 18,600 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். புகார் மனு கையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. நீங்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஐந்து எச்சரிக்கைகளைக் கடைசியில் தருகிறேன்.

எங்கள் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனால் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் தம்பியும் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அம்மா தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் வரை காரில் வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுத் திரும்புவார். உள்ளே எப்படி இருக்கும் மக்களே, இருக்கை பஸ்ஸில் உள்ளது போலவா, சாப்பாட்டை எங்கே வைத்துத் தருவார்கள் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வருவார். இந்த மாதம் அவருக்கு 70 வயது. அந்த விளம்பரம் என் கைபேசியில் வந்தபோது வேறு யோசனையே ஓடவில்லை.

அலுவலகம் என்று சொல்லி ஓர் அறை. மேசையில் பொம்மை விமானம். தோளில் நான்கு கோடு போட்ட வெள்ளைச் சட்டையில் ஒருவன். ஓய்வு பெற்ற விமானம் ஒன்றை ஏலத்தில் எடுத்திருப்பதாகவும், ட்ரெய்லரில் வந்துகொண்டிருப்பதாகவும் சொன்னான். அவன் சொன்னது அவ்வளவுதான். மீதியைச் சொன்னது நான்! சிறு வயதிலிருந்தே எனக்கு விமானப் பைத்தியம். லூதியானாவில் ஒரு ஏர்பஸ் ஏ320 உணவகமாகியிருக்கிறது, வதோதராவில் 2021இல் இன்னொன்று திறந்தார்கள் என்று அடுக்கினேன். திருவனந்தபுரத்தில் நின்ற பழைய ஏ320 ஒன்றை ஹைதராபாத் உணவகக்காரர்கள் வாங்கிப் பிரித்து எடுத்துப்போனதையும், 2022 நவம்பரில் அதன் இறக்கை பாலராமபுரம் பக்கத்தில் அரசுப் பஸ்ஸில் இடித்துப் போக்குவரத்து நின்றதையும் சொன்னேன். அதே மாதம் ஆந்திரத்தின் பாபட்லா மாவட்டத்தில் ஒரு விமான உடல் பாலத்தடியில் சிக்கிக்கொண்டதைக்கூட விடவில்லை. நாம் எல்லோரும் திருவிதாங்கூராக இருந்த 1935இல் டாடாவின் விமானம் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கிய கதை வரை போய்விட்டேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். "உங்களைப் போல விஷயம் தெரிந்தவர்தான் சார் எங்கள் முதல் பயணி" என்றான்.

நான் சொன்னதெல்லாம் உண்மை. அவனுடைய விமானம் ஒன்றுதான் பொய். ஊரில் உள்ள உண்மையான விமானங்களையெல்லாம் நானே கொண்டுபோய் அவன் பொய்க்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆளுக்கு 3,100 ரூபாய், ஆறு பேருக்கு 18,600. திறப்பு நாள் விருந்து, அம்மாவுக்கு ஜன்னல் ஓர இருக்கை. பணத்தைக் கைபேசியில் அனுப்பியபோது திரையில் வந்தது கடையின் பெயர் அல்ல, யாரோ ஒரு பெண்ணின் பெயர். கேட்டேன். "கணக்காளர் சார்" என்றான். நம்பினேன். ரசீதாகக் கொடுத்தது போர்டிங் பாஸ் வடிவத்தில் ஒரு நீல அட்டை. அதை அம்மா பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் ட்ரெய்லர் கிடைக்கவில்லையாம். அடுத்து, ஆந்திராவில் ஒரு பாலத்தடியில் விமானம் சிக்கிக்கொண்டதாம். பாவம் என்று நானே ஆறுதல் சொன்னேன்! அந்தப் பாலத்துக் கதையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்பது நேற்று இரவுதான் உறைத்தது. கடைசியில் போனை எடுத்த பெண், "விமானம் தாமதம், பயணிகள் பொறுமை காக்கவும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பின்னணியில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நேற்று திறப்பு விழா. புத்தாடை உடுத்தி ஆறு பேரும் போனோம். படியேறியதும் அம்மா சுற்றிப் பார்த்தார். "மக்களே, இது பஸ்தானே?" என்றார்.

பஸ்தான். பழைய பஸ்ஸின் கூட்டுக்கு வெள்ளைப் பூச்சு, தகரத்தில் இறக்கை, தகரத்தில் வால். ஜன்னல்களோ சதுரமாக, தள்ளித் திறக்கும் கண்ணாடியோடு. விமானத்தில் சதுர ஜன்னல் வைக்க மாட்டார்கள். கூர்மூலையில்தான் அழுத்தம் குவிந்து உலோகம் விரிசல் விடும். 1954இல் காமெட் விமானங்கள் நடுவானில் நொறுங்கியபோது உலகம் கற்ற பாடம் அது. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன பயன்?

அட்டையை நீட்டினால், "இது பழைய நிர்வாகம் கொடுத்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்கிறான் ஒருவன். அதே மேசை, அதே பொம்மை விமானம், நிர்வாகம் மட்டும் புதிதாம். வேண்டுமானால் பில்லில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறானாம். 18,600 ரூபாய்க்குப் பத்து சதவீதத் தள்ளுபடி! பிறந்தநாளன்று அம்மாவை வெறும் வாயோடு கூட்டிவர மனமில்லாமல் ஆளுக்கொரு தேநீர் சொன்னேன். ஒன்று 180 ரூபாய். நிஜ விமானங்கள் வந்துபோகும் சென்னை விமான நிலையத்தில் 2025இல் திறந்த உடான் யாத்ரி கஃபேயில் தேநீரை 10 ரூபாய்க்குத் தந்தார்கள். 18,600 போக இங்கே இன்னொரு 1,080.

காரில் அம்மா ஒன்றும் பேசவில்லை. சீட்டுக் கட்டி வைத்திருந்த பணம் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நான் மறுபடி அழைத்தபோது என் எண்ணை முடக்கியிருந்தார்கள். காவல் நிலையத்தில், "திருட்டு இல்லையே, கொடுக்கல் வாங்கல்தானே" என்று சொல்லி, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

ஐந்து எச்சரிக்கை என்றேன். அவ்வளவு எழுதத் தெம்பில்லை. கட்டி முடிக்காத கடைக்கு முன்பணம் கட்டாதீர்கள். கடைப் பெயரில் இல்லாத கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத அட்டையை ரசீது என்று வாங்காதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள்.

அந்த நீல அட்டை வைத்திருக்கும் மற்றவர்கள் அதைக் கிழித்துப்போடாதீர்கள், பணம் அனுப்பிய திரையின் படத்தையும் அழிக்காதீர்கள். நாளை காலை நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்கு மனுவோடு போகிறேன். கூட வருகிறவர்கள் வரலாம்.