டிலோங்கி டெடிக்கா: வன்னிப் பாலிலும் வன்னித் தண்ணீரிலும் நுரை வருமா?

டிலோங்கி கொம்பனியின் டெடிக்கா ஈசி 685 எஸ்பிரெசோக் கோப்பி மெசினின் அகலம் 15 சென்ரிமீற்றர்தான். குசினி மேசையில் கேத்திலுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும். இலங்கையின் வடக்கே, வன்னியில் இருப்பவர்களுக்கு லண்டனிலோ பாரிஸிலோ இருந்து வரும் சொந்தக்காரர் சூட்கேசுக்குள் வைத்தே கொண்டுவந்துவிடலாம். 15 பார் அழுத்தப் பம்பி, 1300 வாற் சூடாக்கி, கோப்பித்தூள் போடும் 51 மில்லிமீற்றர் கைபிடி வடி. கோப்பி இறக்கும் வேலையில் குறை சொல்ல அதிகம் இல்லை. முறைப்பாடு பால் பக்கம்தான் வரும்: நுரைக்குதில்லை, அல்லது சவர்க்கார நுரை மாதிரிப் பெருங்குமிழியாக எழும்பி, கோப்பையில் ஊற்றுவதற்குள் அடங்கிவிடுகிறது.

இந்தக் குறைக்கு மெசினைத் திட்டுவது பெரும்பாலும் நியாயமில்லை. நீராவிக் குழாயின் துளை, வாங்கும் பால், ஊற்றும் தண்ணீர் ஆகியவற்றைச் சரிபார்க்காமல் மெசினை மூட்டை கட்டி மேலே போடவேண்டாம். இதே அமைப்பில் வரும் மற்றக் கொம்பனி மெசின்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் நுரை எப்படி வருகிறது என்று பார்ப்போம். நீராவிக் குழாயின் நுனியில் ஒரு உறை மாட்டியிருக்கும்; பனரெல்லோ என்பார்கள். நீராவி அந்த உறைக்குள் வேகமாகப் பாயும்போது, உறையின் மேற்பக்கத்தில் உள்ள சின்னக் காற்று வழியால் வெளிக்காற்றையும் உறிஞ்சி இழுத்துக்கொண்டு பாலுக்குள் இறங்கும். அந்தக் காற்றுத்தான் நுரை. காற்று வழி அடைபட்டால் சத்தம் வரும், பால் கொதிக்கும், நுரை மட்டும் வராது. பால் மட்டம் உயர்ந்து அந்த வழியை மூடினாலும் இதே கதிதான். இந்த மெசினில் இன்னொரு விசயமும் உண்டு: உறையில் இரண்டு நிலைகள் இருக்கின்றன. ஒன்று நுரைக்கு, மற்றது நுரையில்லாத சூட்டுப் பாலுக்கு. துடைக்கும்போது கை பட்டு நிலை மாறிவிட்டால் எவ்வளவு நேரம் பிடித்தாலும் நுரை எழும்பாது. கழற்றிப் பூட்டும் வேலைக்கு முன்னர் இதைப் பாருங்கள்.

அடைப்பு என்றால் அது இரண்டு வகைப்படும், மருந்தும் வேறுவேறு. உறைக்குள் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருப்பது பால். உட்குழாயின் நுனித் துளையில் வெள்ளையாக, நகத்தால் கீறினால் மாவாக உதிர்வது சுண்ணாம்பு. பால் படிந்திருக்கும்போது நேரே புளிப்பான திரவத்தில் ஊறவைத்தால் பால் புரதம் திரைந்து இன்னும் இறுகும். அதனால் முதலில் உறையைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவம் விட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவிட்டு, பழைய பல் தூரிகையால் உட்புறத்தைத் தேய்க்கவேண்டும். பிறகு தையல் ஊசியால் காற்று வழியையும் நுனித் துளையையும் குத்திவிட வேண்டும். ஊசியைச் சுழற்றித் துளையைப் பெரிதாக்கவேண்டாம். துளை அகன்றால் நீராவியின் வேகம் குறைந்து, காற்றை இழுக்கும் பலமும் போய்விடும். சுண்ணாம்புக்குப் புளிப்பு இதற்குப் பிறகுதான்.

இந்த அடைப்பு வராமல் தடுப்பதற்கு இரண்டு பழக்கம் போதும். பால் அடித்து முடிந்த உடனே ஈரத்துணியால் குழாயைத் துடைத்து, வெறும் கோப்பைக்குள் இரண்டு மூன்று செக்கன் நீராவியைத் திறந்துவிட வேண்டும். நீராவியை மூடியதும் குழாய்க்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கி, பாலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதை வெளியே தள்ளாவிட்டால் அங்கேயே காயும். பால் அடிப்பதற்கு முன்னரும் இதேபோல் திறந்து, தேங்கியிருக்கும் தண்ணீரை வெளியேற்றவேண்டும். அந்தத் தண்ணீர் பாலுக்குள் போனால் பால் நீர்த்து, குமிழி பெருத்துவிடும்.

உறை தளர்ந்து ஆடினால் வோஷரைப் பாருங்கள். தண்ணீர்ப் பம்பிக்குப் போடும் கறுப்பு வோஷர் அளவு பொருந்தினாலும் நீராவிச் சூட்டுக்கு ஏற்றதல்ல. உணவுக்குப் பாவிக்கக்கூடிய சிலிக்கன் வோஷர்தான் வேண்டும். பழையதைக் கையில் கொண்டுபோய்க் கடையில் ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

இனிப் பால். வன்னியில் பாலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் நுரைக்கு எல்லாப் பாலும் ஒன்றல்ல. நுரையைக் கட்டி வைத்திருப்பது பாலின் புரதம். அதைக் குலைப்பது, கொழுப்பு உடைந்து பிரியும் கொழுப்பமிலம். காலையில் கறந்த பச்சைப்பால் கானுக்குள் மோட்டார்சைக்கிளில் குலுங்கி, வெயிலில் மணிக்கணக்காக நின்று வீட்டுக்கு வந்தால், பாலிலேயே உள்ள நொதியம் அந்தக் கொழுப்பை உடைக்கத் தொடங்கிவிடும். காய்ச்சினால் நொதியம் செத்துப்போகும். ஆனால் அதற்கு முன்னர் உடைந்தது உடைந்ததுதான். குடிக்கும்போது பழுது தெரியாத பால்கூட இப்படி நுரைக்காமல் போகும். புளித்தால்தான் பால் பழுது என்று நினைப்பதால் சந்தேகம் மெசின் மேல் போகிறது.

ஆகவே பச்சைப்பால் பாவிப்பவர்கள் கறந்து கூடிய விரைவில் வாங்கி, உடனே ஒரு கொதி காய்ச்சி, பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீருக்குள் இறக்கி ஆறவிட்டு, ஆடையை வடித்தெடுத்து, பிரிட்ஜில் வைக்கவேண்டும். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் அது 4 அல்லது 5 பாகைக்கு வந்துவிடும். அடிக்குமுன் போத்தலை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கவேண்டும். மேலே திரண்ட ஆடை ஜக்குக்குள் விழுந்தால் நுரை அந்த இடத்தில் படுத்துவிடும். எருமைப்பாலில் கொழுப்பு 7 வீதத்தைத் தாண்டும். தயிருக்கு அதைவிடச் சிறந்தது இல்லை, நுரைக்கு அது கனம். பாதிக்குப் பாதி பசும்பால் கலந்தால் வழவழப்பான, உயரம் குறைந்த நுரை வரும், ருசியும் அருமை.

பெட்டிப் பால் கொழுப்புத் துளிகளை நுண்ணியதாகச் சிதறவைத்துக் கலந்து வருவதால் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி நுரைக்கும். புதிதாகப் பழகுபவர் அதில் தொடங்கினால் பிழை கையிலா பாலிலா என்ற குழப்பம் இல்லை. பால்மாவும் முடியும். 200 மில்லிலீற்றர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 28 முதல் 30 கிராம் மா. இளஞ்சூட்டில் கட்டியில்லாமல் கரைத்து, வடித்து, இரவு முழுக்கப் பிரிட்ஜில் விடவேண்டும். கரைத்த கையோடு அடித்தால் மா முழுதாக ஊறியிராது, குமிழி நிற்காது. தேத்தண்ணிக்குப் போடும் அளவுக்குக் கரைத்தால் காணாது.

அடிக்கும் முறை: 350 மில்லிலீற்றர் சில்வர் ஜக்கையும் பிரிட்ஜில் வைத்தெடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் அலுமாரியில் இருந்த ஜக்கே பாலைச் சூடாக்கத் தொடங்கிவிடும்; பால் எவ்வளவு குளிராகத் தொடங்குகிறதோ அவ்வளவு நேரம் காற்றுச் சேர்க்கக் கிடைக்கும். 150 மில்லிலீற்றர் பால் போதும். உறையின் பாதி பாலுக்குள், காற்று வழி வெளியே. ஜக்கைக் கொஞ்சம் சரித்து, குழாயை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாக வைத்தால் பால் சுழலும். நுரை ஏற ஏற ஜக்கை இறக்கிக்கொண்டு போகவேண்டும். ஜக்கின் அடி கைக்கு உடம்புச் சூடாகத் தெரிந்ததும் காற்றுச் சேர்த்தது போதும். பிறகு உறையைச் சற்று ஆழமாக இறக்கி, சுழற்சியை மட்டும் விட்டு, 60 முதல் 65 பாகையில் நிறுத்துங்கள். வெப்பமானி இல்லாவிட்டால், ஜக்கில் கைவைத்து ஒரு செக்கனுக்கு மேல் பொறுக்கமுடியாத இடம்தான் அது. 70 தாண்டினால் அவிந்த மணம் வரும், இனிப்பும் மங்கும். ஒருமுறை நீராவியால் அடித்துச் சூடாக்கிய பாலைத் திரும்பக் குளிராக்கி அடிக்கவேண்டாம். முடிந்ததும் ஜக்கை மேசையில் இரண்டு தட்டுத் தட்டிச் சுழற்றினால் பெருங்குமிழி உடைந்து மேற்பரப்பு பளபளக்கும். உடனே ஊற்றவேண்டும்.

தண்ணீரின் கதை கேத்திலின் அடியில் தெரியும். வன்னியின் பல குழாய்க்கிணறுகளில் தண்ணீர் கடினமானது. கேத்திலில் வெள்ளைப் படை கட்டினால் மெசினுக்குள்ளும் அதுவே நடக்கிறது. டெடிக்காவில் கொதிகலன் கிடையாது. தேர்மோபிளாக் எனும் சூடான உலோகக் கட்டியின் ஒடுக்கமான வழியால் தண்ணீர் ஓடி ஆவியாகிறது. அந்த வழியில் சுண்ணாம்பு பிடித்தால் சூடு தண்ணீருக்குச் சேராது. நீராவி ஈரமாக, சக்தியில்லாமல் வரும். இரணைமடுக் குளத்துக் குழாய்த்தண்ணீரோ பேராற்றுத் தண்ணீரோ கிடைப்பவர்களுக்குத் தொல்லை குறைவு. கிணறுதான் என்றால், கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் மேல்தண்ணீரை இறுத்தெடுத்தால் சுண்ணாம்பின் ஒரு பகுதி கேத்திலோடு நின்றுவிடும். ஆர்ஓ தண்ணீர் (உப்புகளை வடித்தெடுத்த தண்ணீர்) மெசினுக்கு மிக நல்லது, ஆனால் தனியே ஊற்றினால் கோப்பி சப்பென்றிருக்கும். நாலு பங்குக்கு ஒரு பங்கு இறுத்த கிணற்றுத்தண்ணீர் கலந்தால் ருசி திரும்பும்.

மெசினில் தண்ணீரின் கடினத்தை மூன்று நிலைகளில் அமைக்கலாம். கிணற்றுத்தண்ணீருக்கு உச்ச நிலையை வையுங்கள். சுண்ணாம்பு நீக்கச் சொல்லும் செம்மஞ்சள் வெளிச்சம் அப்போதுதான் உரிய நேரத்தில் எரியும். கொம்பனியின் நீக்கி லக்ரிக் அமிலத்தால் ஆனது. உத்தரவாதம் இருக்கும்வரை அதையே பாவியுங்கள். அது கிடைக்காவிட்டால், உத்தரவாதமும் முடிந்திருந்தால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 கிராம் சிற்றிக் அசிட். பாதியைக் கோப்பி வாயாலும் பாதியை நீராவிக் குழாயாலும் விட்டுவிட்டு ஓட்டி, இடையில் ஐந்து நிமிடம் நிறுத்தி, பின்னர் இரண்டு தாங்கி நல்ல தண்ணீர் ஓட்டவேண்டும். தேசிக்காய்ச் சாறு ஊற்றவே வேண்டாம். அதன் சக்கை போய்ப் புது அடைப்பாகும். வினாகிரியின் மணம் நாள்கணக்கில் போகாது, றப்பருக்கும் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும் பின்னேரத்தில் மட்டும் நீராவி மெலிந்தால் கரண்டைப் பாருங்கள். 1300 வாற் என்பது 230 வோல்ற்றில்தான். லைன் கடைசியில் இருக்கும் வீட்டில் 190க்கு இறங்கினால் சூடாக்கிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 890 வாற். பிரிட்ஜுக்கு வைத்திருக்கும் சின்ன ஸ்ரபிலைசரில் இதை மாட்டக்கூடாது. 2000 விஏ (வோல்ற்-அம்பியர்) தாங்கும் ஸ்ரபிலைசர் வேண்டும். 5 அம்பியர் உருண்டைப் பிளக்கிலும் கூடாது, மெசின் இழுப்பது 5.6 அம்பியருக்கு மேல்.

மெசினின் உண்மையான குறைகள் இரண்டு. பால் அடித்த கையோடு கோப்பி இறக்கமுடியாது, தேர்மோபிளாக் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும். நீராவித் திருகைத் திறந்து சுடுதண்ணீரை வெளியே விட்டு ஆற்றவேண்டும். எனவே கோப்பியை முதலில் இறக்குங்கள். மற்றது, இந்த உறை தடித்த நுரைக்குத்தான் வாய்ப்பு. மேலே பூ வரையும் மெல்லிய நுரைக்குக் கைப்பழக்கம் நிறைய வேண்டும். அதுதான் ஆசை என்றால் டெடிக்கா ஆர்ட்டே ஈசி 885 வாங்குங்கள், அதன் குழாயில் இந்த உறை இல்லை. வீட்டில் ஆறேழு பேருக்கு ஒரே நேரத்தில் பால்கோப்பி ஊற்றவேண்டிய குடும்பத்துக்கு இரண்டுமே சரிவராது.

கனடாவில் இருந்து அனுப்புவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அங்கே விற்பது 120 வோல்ற் மெசின். பிளக்கை மட்டும் மாற்றி 230இல் குத்தினால் சூடாக்கி எரிந்துபோகும். 2000 வாற் தாங்கும் இறக்கு மின்மாற்றி வாங்கும் செலவையும் கூட்டினால், அதே மெசினின் ஐரோப்பிய வடிவத்தைக் கேட்பதே லாபம்.