சிசிலியில் கடற்கரை வீடு எடுக்கிறவர்கள் காசு அனுப்ப முதல் இதை வாசியுங்கள்

1,180 யூரோ. போன சனிக்கிழமை பின்னேரம் இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள செஃபலு நகரத்தில் பத்துப் பேராகப் பெட்டிகளோடு ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றபோதுதான் அந்தக் காசு போய்விட்டது என்று விளங்கியது. இன்று புதன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கிவிட்டால் எழுத மாட்டேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நாங்கள் ஜேர்மனியில் இருக்கிறோம். என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன் சிசிலியின் பெரிய நகரமான பலெர்மோவில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறான். அவனும் மனைவியும் வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறார்கள். மூன்று பிள்ளைகள், இரண்டு அறை வீடு. இத்தனை வருடம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் அந்தக் குடும்பம் கடற்கரையில் ஒரு விடுமுறை எடுத்ததில்லை. இந்தமுறை போகும்போது, அவர்களையும் கூட்டிக்கொண்டு செஃபலுவில் ஐந்து இரவு தங்குவது என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். கடைசி நேரம் வரை அவர்களுக்குச் சொல்வதில்லை என்றும் முடிவெடுத்தோம். வேலைக்கு லீவு மட்டும் எடுத்து வை என்றேன். அந்த ஊரை நன்றாகத் தெரிந்த, இத்தாலிய மொழி சரளமாகக் கதைக்கிற ஒருவன் இருந்தும் நான் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காததற்குக் காரணம் அதுதான்.

வீட்டைப் பார்த்தது எல்லோரும் பாவிக்கிற பெரிய தங்குமிட இணையத்தளம் ஒன்றில். நான்கு அறை, பெரிய பல்கனி, பல்கனியிலிருந்து பார்த்தால் பேராலயத்தின் இரண்டு கோபுரங்களும் கடலும். 1,360 யூரோ போட்டிருந்தது. வீட்டுக்காரி என்று சொன்ன பெண் அடுத்த நாளே வட்ஸ்அப்புக்கு வந்துவிட்டாள். தளத்துக்குக் கட்டுகிற தரகுக் காசு அதிகம், நேரே அனுப்பினால் 1,180 என்றாள். உடனே நம்பவில்லை. அடையாள அட்டையின் படம் அனுப்பினாள். நம்பவில்லை. வீட்டைச் சுற்றிக் காட்டும் வீடியோ அனுப்பினாள். அப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் விழுந்தது வேறு இடத்தில். மாமிக்கு முழங்கால் சரியில்லை, எத்தனை படி ஏற வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதினொரு படிதான், நடுவில் இருந்து ஆற ஒரு கதிரை போட்டு வைக்கிறேன், என் அம்மாவுக்கும் இதே வருத்தம்தான் என்று எழுதினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் முதலில் மாமியின் முழங்காலைத்தான் விசாரிப்பாள். வயதானவருக்குக் கதிரை போடுகிறேன் என்று சொல்பவளைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றிரவே காசை அனுப்பினேன்.

அனுப்பும்போது வங்கிச் செயலி நிறுத்தியது. கணக்கு இலக்கமும் பெயரும் பொருந்தவில்லை என்று சிவப்பு எழுத்தில் காட்டியது. கேட்டேன். அது தங்கையின் கணக்கு, வரிக் கணக்குக்காக அப்படி வைத்திருக்கிறோம் என்று ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. மேலே தட்டினேன். உடனடிப் பரிமாற்றம், சில வினாடியில் போய்விட்டது. அந்தக் கணக்கு இலக்கம் ஐ, டி என்ற இத்தாலிக்குரிய இரண்டு எழுத்துகளில் தொடங்கவே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

பலெர்மோவில் இருந்த நான்கு நாளும் நல்ல நாட்கள். வெள்ளிக்கிழமை மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறினோம், மாமியை மட்டும் காரில் அனுப்பினோம். அந்த மலையில் குகைக்குள் சாந்தா ரொசாலியாவின் கோயில் இருக்கிறது. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காப்பாற்றியவள் என்று பலெர்மோ சனம் கும்பிடுகிற புனிதை. அங்கே இருக்கிற நம்மவர்களும் சைவம், கிறிஸ்தவம் என்று பார்க்காமல் ஏறுவார்கள். குகைக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலிகள் பிடித்துக் கொண்டுபோகும். மாமி அதைப் பார்த்துக்கொண்டே நேரம் போக இருந்துவிட்டு, பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்தினார். அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரி என்று சொன்னவளின் செய்தி வந்தது: நாளைக்கு எத்தனை மணி ரயில், வாசலில் நிற்கிறேன். காசு வாங்கி ஆறு கிழமைக்குப் பிறகும் அப்படி எழுதினாள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னோம். நண்பனின் கடைசி மகள் துள்ளிய துள்ளலை இன்னும் மறக்க முடியவில்லை. பலெர்மோவிலிருந்து செஃபலுவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, வழியெல்லாம் கடல். இறங்கி பழைய நகரத்துக்குள் போனோம். தெரு இருந்தது. இலக்கம் இருந்தது. அழைப்பு மணிப் பலகையில் அவளுடைய பெயர் இல்லை. போன் எடுத்தேன், தடுத்துவிட்டிருந்தாள். மேல்மாடியிலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்து படத்தைப் பார்த்தார். இந்தக் கட்டிடத்தில் பல்கனியே கிடையாது, இந்தக் கோடையில் இப்படி வந்து நிற்கிற மூன்றாவது குடும்பம் நீங்கள் என்று நண்பனிடம் சொன்னார். மாமிக்கு உட்காரக் கதிரை கொண்டுவந்து போட்டது அந்த அம்மாதான்.

பத்துப் பேருக்கு அந்த இரவு எங்கும் இடமில்லை. ரயிலேறித் திரும்பி இரண்டு அறை வீட்டில் நிலத்தில் படுத்தோம். "மச்சான், என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே" என்று ஒரே ஒருமுறை சொன்னான், பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த நாள் 200 யூரோவை மடித்து என் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தான். 1,180 யூரோ அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூட.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையத்தளத்துக்கு எடுத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, காசு எங்கள் தளத்துக்கு வெளியே போயிருக்கிறது, நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அந்த விளம்பரத்தை உங்கள் தளத்தில்தானே பார்த்தேன் என்று கேட்டேன். உங்கள் கருத்தைப் பதிந்துகொள்கிறோம் என்று பதில். வங்கிக்கு எடுத்தேன். எச்சரிக்கை காட்டினோம், நீங்களே அனுமதித்தீர்கள் என்றார்கள். திருப்பிக் கேட்டுப் பார்ப்பார்களாம், மற்ற வங்கி ஒத்துக்கொண்டால்தானாம், கணக்கில் காசு மிச்சம் இருந்தால்தானாம். இரண்டாவது தரம் எடுத்தபோது வேறொருவர் வந்தார், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பொலிஸில் முறைப்பாடு எழுதினோம், நண்பன் மொழிபெயர்த்தான், ஒரு பிரதி தந்தார்கள். 1,180 யூரோவுக்கு இப்போது என் கையில் இருப்பது அந்தத் தாள்தான்.

எப்படிப் பாதுகாப்பாகப் பதிவு செய்வது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், இப்போது பொறுமை இல்லை. இவற்றையாவது பாருங்கள். இத்தாலியில் 2025 ஜனவரி 1 முதல் சுற்றுலாவுக்கு விடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் 'சின்' (CIN) என்ற தேசிய அடையாள இலக்கம் கட்டாயம். விளம்பரத்திலும் கட்டிட வாசலிலும் அது இருக்க வேண்டும். இலக்கம் இல்லாத விளம்பரத்தைத் தொட வேண்டாம். எத்தனை யூரோ குறைத்தாலும் தளத்துக்கு வெளியே காசு அனுப்ப வேண்டாம். பெயர் பொருந்தவில்லை என்று வங்கி சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், யார் என்ன காரணம் சொன்னாலும். அந்த ஊரில் உங்களுக்கு ஓர் ஆள் இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள்.

நேற்றிரவு அதே தளத்தில் மறுபடி தேடினேன். அதே பல்கனி, அதே இரண்டு கோபுரம், வேறொரு பெண்ணின் பெயர். ஆகஸ்ட் மாதம், ஐந்து இரவு, 1,290 யூரோ. முறையிடும் பொத்தானை அழுத்தி, பொலிஸ் தாளையும் படம் எடுத்து அனுப்பினேன். நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. இன்று காலை பார்த்தேன், விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆகஸ்டில் மூன்று நாட்கள் ஏற்கெனவே பதிவாகிவிட்டதாகக் காட்டுகிறது.