மூன்று வார விடுப்பும் திரும்பி வந்த மலக்குடல் புற்றுநோயும்

அப்பாவுக்கு மலக்குடல் கட்டி திரும்ப வந்துவிட்டது என்று போன் வந்ததும் டொராண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மூன்று வார லீவில் சென்னையில் வந்து இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "ஆபரேஷன் எந்தத் தேதி?" என்றுதான். ஸ்கேன் முழுவதையும் பார்க்காமல் எந்த மருத்துவமனையாவது உடனே தேதி கொடுத்தால் அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். கட்டியைச் சுற்றிலும் நல்ல சதையோடு, நுண்ணோக்கியில் பார்த்தாலும் விளிம்பில் புற்று செல் தெரியாதபடி எடுக்க முடியுமா? எல்லா முடிவும் இந்த ஒன்றைப் பொறுத்தது. முடிந்தால் ஐந்து வருடம் தாண்டி வாழ நல்ல வாய்ப்பு உண்டு. மிச்சம் தங்கிவிட்டால் அத்தனை பெரிய அறுவையைத் தாங்கியதற்குப் பலன் மிகக் குறைவு.

முதல் இரண்டு நாளைப் பழைய ஃபைலுக்கே கொடுங்கள். முதல் ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி ரிப்போர்ட், முடிந்தால் பயாப்சி சதையை மெழுகில் பதித்து வைத்த பிளாக்கும் ஸ்லைடும் வேண்டும். இவற்றைவிட அதிகம் தவறுவது 'கரண்ட் வைத்த', அதாவது கதிர்வீச்சு கொடுத்த விவரம்: மொத்தம் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), எத்தனை தவணை, எந்த மாதம். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ரேடியேஷன் முடிந்தது' என்று ஒற்றை வரிதான் இருக்கும். கதிர்வீச்சுத் துறையிலேயே கேட்டு வாங்க வேண்டும். முன்பு கரண்ட் வைக்காதவருக்கு 25 முதல் 28 தவணைகளில் 45 முதல் 50 கிரே வரை, கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையோடு கொடுக்கலாம். ஏற்கெனவே வைத்தவருக்குப் பெரும்பாலும் 30 முதல் 40 கிரேக்குள் நிறுத்திக்கொள்வார்கள். இரண்டிலுமே அறுவை அதற்குப் பல வாரம் கழித்துத்தான். ஆகவே மூன்று வாரத்தில் ஆபரேஷனையும் முடித்துத் திரும்பலாம் என்று டிக்கெட் போடாதீர்கள்.

ஸ்கேன் சென்டரில் பெரிய கவரில் ஃபிலிமைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சிடியும் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் எடுத்த ஃபிலிம் போட்டோவை வைத்து யாராலும் முடிவு செய்ய முடியாது. இடுப்பெலும்புக் கூட்டுக்கு மட்டும் எடுத்த, 3 மி.மீ. துண்டுகளாக வெட்டிக் காட்டும் எம்.ஆர்.ஐ.தான் உதவும். பெட் ஸ்கேன் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க; அதில் புற்று இருக்கும் இடம் ஒளிரும். அதற்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு, ரத்தச் சர்க்கரை 200க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்குக் குடலே பளிச்சென்று ஒளிர்ந்து குழப்பும். எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பழைய தையல் தழும்பும் கரண்ட் வைத்த புண்ணும் ஒளிரலாம்; சளி சுரக்கும் வகைக் கட்டி ஒளிராமலும் போகலாம். அதனால் முடிந்தவரை பயாப்சி கேட்பார்கள்.

பிறகு ட்யூமர் போர்டு, அதாவது எல்லாத் துறை டாக்டர்களும் சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், வேலூர் சி.எம்.சி. போல அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றும் ஒரே இடத்தில் உள்ள மருத்துவமனைகளில் இதற்காக அலையும் நேரம் குறையும். டாக்டர் சாதாரணமாகக் கேட்பதுபோல் தோன்றும் கேள்விகளைக் கவனியுங்கள். "ஐயா, உட்கார்ந்தா வலிக்குதா? வலி காலுக்கு இறங்குதா? ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கா?" வலி தொடையின் பின்பக்கம் இறங்கினால் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பைக் கட்டி தொட்டிருக்கலாம். கால் வீக்கம் இடுப்பின் பக்கச் சுவரில் இருக்கும் ரத்தக்குழாய் அழுத்தப்படுவதன் அடையாளம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தால் சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய குடல் இணைப்பில் நடுவாக வந்த கட்டியைத்தான் முழுதாக எடுக்க வாய்ப்பு அதிகம். பக்கச் சுவரில் ஒட்டியதற்குக் குறைவு. முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பில் கட்டி ஒட்டியிருந்தால் அதன் கீழ்ப்பகுதியை வெட்டி எடுக்கலாம். அதன் மேல்பகுதியான எஸ்1, எஸ்2 வரை கட்டி ஏறியிருந்தாலோ, இரு பக்க சயாட்டிக் நரம்பும் சிக்கியிருந்தாலோ, பெரும்பாலான இடங்களில் அறுவை வேண்டாம் என்றே சொல்வார்கள். 75 வயது என்பது மட்டும் காரணமாகாது. இரண்டு மாடி ஏற முடிகிறதா, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு, இதயம் எப்படி என்பவைதான் கணக்கு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று தனியாகப் போய்க் கெஞ்சுவது. சிறுநீர்ப்பையையும் சேர்த்து எடுத்தால் வயிற்றில் இரண்டு பை, ஒன்று மலத்துக்கு, ஒன்று சிறுநீருக்கு. அது அவர் உடம்பு. சம்மதமும் அவருடையதாக இருக்க வேண்டும். பை வைக்கும் இடத்தை ஸ்டோமா நர்ஸ் (இந்தப் பைகளைக் கவனிக்கும் நர்ஸ்) அறுவைக்கு முன்பே பேனாவால் குறிப்பார். அப்போது படுக்கவைத்து மட்டும் குறிக்கவிடாதீர்கள். அப்பாவை உட்கார்ந்தும் நின்றும் காட்டச் சொல்லுங்கள். வேட்டி கட்டும் இடத்தில் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். மடிப்பிலும் முடிச்சுக்கு அடியிலும் பை ஒட்டாது.