42,000 ரூபாய் போனது: ஸ்காடா, எச்.எம்.ஐ. பயிற்சியில் சேரப் போகிறவர்கள் கவனிக்கவும்

கோவையில் உள்ள ஒரு தனியார் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் என்னிடம் 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கையை விரித்துவிட்டது. பணம் திரும்ப வராது என்று இன்று காலையில்தான் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. பி.எல்.சி. (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி), ஸ்காடா (ஆலை முழுவதையும் கணினியில் கண்காணித்து இயக்கும் மென்பொருள்), எச்.எம்.ஐ. (ஆபரேட்டர் பார்த்து இயக்கும் திரை) என்று மூன்றையும் ஒரே பலகையில் எழுதி, கீழே 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று போட்டிருக்கும் மாடிக் கட்டடப் பயிற்சி நிலையங்களில் அதுவும் ஒன்று. பணம் கட்டும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் ஆபரேட்டர். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை எங்கள் ஊர் மறக்கவில்லை. நொய்யலில் சாயக் கழிவு கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் நீரை மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வழியே அழுத்திச் சுத்தமாக்கும் ஆர்.ஓ., ஆவியாக்கி என்று இத்தனை இயந்திரங்கள். எல்லாவற்றையும் கட்டுப்பாட்டு அறைத் திரையில்தான் பார்க்கிறோம். இரவுப் பணியில் அலாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்போது எது அவசரம், எது பொறுக்கலாம் என்று தேடியே கண் பூத்துவிடும். இந்தத் திரையை வரைந்தவர் ஒரே ஓர் இரவு இங்கே உட்கார்ந்திருந்தால் இப்படி வரைந்திருக்க மாட்டார் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். நாமே வரையக் கற்றுக்கொண்டால் என்ன என்ற ஆசை அப்படித்தான் வந்தது.

அந்த ஆசையைத்தான் அந்த நிலைய உரிமையாளர் பிடித்துக்கொண்டார். முதல் நாள் கட்டணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "உங்கள் ஆர்.ஓ. எப்படி ஓடுகிறது, சொல்லுங்கள்" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, வெள்ளைப் பலகையில் உயர் அழுத்தப் பம்ப், மெம்பிரேன் வரிசை, சுத்த நீர்க் குழாய், கழிவுக் குழாய் என்று வரைந்துகொண்டே வந்தார். "உள்ளே போகும் நீரும் வெளியே வரும் நீரும் ஒரே திரையில் தெரிய வேண்டும் அல்லவா? இதை இன்ஜினீயர்கள் மறந்துவிடுவார்கள், உங்களைப் போன்றவர்கள் மறக்க மாட்டார்கள். தம்பி, திரை வரைய வேண்டியவர் நீங்கள்தான்" என்றார். இத்தனை வருட வேலையில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் சொன்னதும் பொய்யில்லை. 2005இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். அங்கே கோபுரத்துக்குள் எவ்வளவு திரவம் போகிறது என்பது ஒரு திரையிலும், எவ்வளவு வெளியேறுகிறது என்பது வேறொரு திரையிலும் இருந்தன என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது. விஷயம் தெரிந்த மனிதர்தான். தெரிந்ததைத் தூண்டிலாக மட்டும் பயன்படுத்தினார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்றைக்கே முழுத் தொகையும் கட்டினால் 42,000, நாளைக்கு என்றால் 55,000 என்றார் முன் மேசையில் இருந்த பெண். மனைவி எடுத்த ஏலச் சீட்டுப் பணம் வங்கியில் இருந்தது. அங்கேயே நின்று அனுப்பினேன். கையில் ஒரு ரசீது தந்தார்கள்.

முதல் வகுப்பை மட்டும் அவர் எடுத்தார். அதன் பிறகு வந்தவர் முந்தைய அணியில் படித்து முடித்த ஒரு பையன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று பேருக்கு ஒரு கணினி. அதில் இருந்தது உரிமம் இல்லாத திருட்டு நகல், பாதியில் நின்றுவிடும். பி.எல்.சி. என்று ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததே தவிர, அதற்கு ஒரு நாளும் மின்சாரம் கொடுக்கவில்லை. நாங்கள் கற்றது முப்பரிமாணத் தொட்டி வரைவது, அதில் நீலத் தண்ணீர் ஏறுவது, விசிறி சுற்றுவது, எழுத்து கண் சிமிட்டுவது. பம்ப் ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு.

"எங்கள் மின் பேனலில் பிரேக்கர் போட்டு மின்சாரம் ஓடினால் சிவப்பு விளக்கு, எடுத்து மின்சாரம் நின்றால் பச்சை விளக்கு. திரையில் நேர்மாறாக இருந்தால் இரவில் ஆபரேட்டர் எதை நம்புவார்?" என்று கேட்டேன். "அண்ணா, சாஃப்ட்வேரில் அப்படித்தான் வருகிறது" என்றான். விளம்பரத் தாளில் ஐ.எஸ்.ஏ. 101 என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இந்தத் திரைகளுக்கென்றே 2015இல் வந்த தரநிலை அது. ஆலை முழுவதையும் ஒரு பார்வையில் காட்டும் திரை மேலே, பிரிவுக்கான திரை அடுத்து, நுணுக்கம் அதற்கும் கீழே என்று படிநிலை வகுப்பது அதில் அடிப்படை. அதைப் பற்றிக் கேட்டால், "அது பாடத்தில் இல்லை." அலாரத்துக்கு முன்னுரிமை எப்படிக் கொடுப்பது என்றால், "இருப்பதே போதும்." 1994இல் பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்புக்கு முந்தைய சுமார் 11 நிமிடங்களில் 275 அலாரங்கள் வந்து குவிந்தன. இருப்பதே போதும் என்று விட்டால் நடப்பது அதுதான்.

பிறகு வேலைவாய்ப்பு என்று சொல்லி பேனல் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இந்த நிலையத்தின் பெயரையே யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அங்கிருந்த மூத்த இன்ஜினீயர் இரக்கப்பட்டு உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்டார். "வால்வை மூடச் சொல்லி ஆணை போய்விட்டது. வால்வு சிக்கிக்கொண்டது. உங்கள் திரை என்ன காட்டும்?" நான் கொண்டுபோன திரையைத் திறந்து பார்த்தோம். 'மூடியது' என்று காட்டியது. வகுப்பில் எல்லா வால்வையும் அப்படித்தான் கட்டளை டேகிலேயே (ஆணையைக் குறிக்கும் மென்பொருள் மாறியிலேயே) இணைக்கச் சொல்லியிருந்தார்கள். வால்வு உண்மையில் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று உணர்த்தும் லிமிட் சுவிட்சில் இருந்து வரும் நிலையைத்தான் திரை காட்ட வேண்டும், ஆணை போய்க் குறிப்பிட்ட நேரத்துக்குள் அது மாறாவிட்டால் கோளாறு என்று காட்ட வேண்டும் என்று அவர் தாளில் வரைந்து விளக்கினார். 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டு அணு உலையில் இதே கதைதான். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது, மூடும் ஆணை போனதும் பேனலில் விளக்கு அணைந்தது, வால்வு மூடிவிட்டது என்று ஆபரேட்டர்கள் நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது, உலையின் மையம் பாதி உருகியது. 42,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைக்காத பாடத்தை அந்த மனிதர் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில், காசு வாங்காமல் சொல்லித் தந்தார்.

அங்கிருந்து நேராக நிலையத்துக்குப் போய்ப் பணத்தைக் கேட்டேன். அன்று தொடங்கியது இழுத்தடிப்பு. "சார் சைட்டில் இருக்கிறார்." "சார் சென்னை போயிருக்கிறார்." "ஆடிட்டர் பார்த்துச் சொல்வார்." "அடுத்த அணியில் இலவசமாக உட்காருங்கள் அண்ணா." வாட்ஸ்ஆப்பில் செய்தி போனது, படித்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. சில நாளில் என் எண்ணையே முடக்கிவிட்டார். வேறு எண்ணில் இருந்து அழைத்தபோது எடுத்தார். என் குரல் கேட்டதும், "யாருங்க நீங்கள்?" என்றார். தம்பி என்று தோளில் கை போட்டவர்.

இன்று காலையில் ஆளை நேரில் பிடித்தேன். ரசீதைக் கொண்டுவரச் சொன்னார். அதில் விரலை வைத்துக் காட்டினார். 42,000 ரூபாயும் 'பதிவுக் கட்டணம்' என்று எழுதியிருந்தது, பயிற்சிக் கட்டணம் என்ற வரியில் ஒரு கோடு. பின்பக்கம் பொடி எழுத்தில், பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்பட மாட்டாது. "வகுப்புக்கும் நீங்கள் ஒழுங்காக வரவில்லையே" என்றார். ஷிப்ட் மாற்றி, சம்பளம் விட்டு, திருப்பூரில் இருந்து பஸ் பிடித்து வந்தவனைப் பார்த்து! காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். இது பணத் தகராறு, நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் என்றார்கள்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இரவுப் பணிக்குக் கிளம்ப வேண்டும், மனமும் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். முழுத் தொகையை ஒரே தடவையில் கட்டாதீர்கள். ரசீதில் ஒவ்வொரு ரூபாயும் எதற்கு என்று எழுதியிருக்கிறது என்பதை அங்கேயே படியுங்கள். பி.எல்.சி.யை இயக்கி, வயரைக் கழற்றி, திரை என்ன காட்டுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மென்பொருள் பழக யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். இக்னிஷன் என்ற ஸ்காடா மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், இரண்டு மணி நேரச் சோதனைக் காலத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம், அதற்கான பாடங்களும் அவர்களிடமே இலவசம். சீமென்ஸ் பி.எல்.சி.களுக்கு நிரல் எழுதும் டி.ஐ.ஏ. போர்ட்டலுக்கு 21 நாள் சோதனை உரிமம் உண்டு.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், நான் அழைத்துப் பதிந்துவிட்டேன். மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. என்னோடு படித்தவர்களும் முந்தைய அணிக்காரர்களும் இதைப் படித்தால் ரசீதின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். இந்த வாரமே மனு கொடுக்கிறேன். எல்லோருமாகச் சேர்ந்து கொடுத்தால் என்னைப் பார்த்து "யாருங்க நீங்கள்" என்று கேட்டதைப் போல ஆணையத்தில் கேட்க முடியாது.