எட்டு ஜிபி ரேமில் ஏழு லட்சம் பெண்கள்: ஹேவன் பேக்கேஜ் எப்படி?

தர்மபுரி மாவட்டப் பெண்களின் திருமண வயதும் ரத்தசோகையும்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்கு ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் (2019–21) பெண்கள் கோப்பு வேண்டும். 7,24,115 பெண்கள், ஒவ்வொருவருக்கும் ஆயிரக்கணக்கில் மாறிகள் (வயது, கல்வி போல ஒவ்வொரு தகவலும் ஒரு மாறி). பென்னாகரத்தில் எங்கள் வீட்டில் இருப்பது எட்டு ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்.

ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளின் வடிவில் இருந்த கோப்பை, ஆர் (R) என்ற இன்னொரு புள்ளியியல் மென்பொருளில் அப்படியே திறந்தேன். இப்படி வேறு மென்பொருளின் கோப்புகளை ஆருக்குள் கொண்டுவரும் துணைநிரல்தான் ஹேவன் பேக்கேஜ். கொஞ்ச நேரத்தில் மவுஸ் நின்றுவிட்டது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைத்தேன். மூன்று இரவுகள் இப்படியே போயின, அழுகையே வந்துவிட்டது.

காரணம் இதுதான். ஆம், இல்லை போன்ற சின்ன விடைகளை ஸ்டேட்டா ஒரே பைட்டில் வைக்கும். ஹேவன் எந்த எண்ணையும் எட்டு பைட்டாக்கித்தான் ஆருக்குள் கொண்டுவருகிறது. வந்ததெல்லாம் ரேமில்தான் உட்காரும். ஆயிரம் மாறிக்கே 5.8 ஜிபி!

நல்லவேளை, வழியும் ஹேவனிலேயே இருக்கிறது. கோப்பைத் திறக்கும் 'ரீட் டிடிஏ' (read_dta) கட்டளையில், எத்தனை வரிசை வேண்டும் என்று சொல்லும் 'என் மேக்ஸ்' (n_max) பூஜ்யம் என்று கொடுங்கள். ஒரு பெண்ணின் தரவும் வராது, மாறிகளின் பெயரும் விளக்கமும் மட்டும் வரும். அதைப் பார்த்து நோட்டில் எட்டு மாறிகளைக் குறித்தேன்: வயது, மணவாழ்க்கை தொடங்கிய வயது, ரத்தசோகை நிலை, கல்வி, வசதி நிலை, மாநிலம், மாவட்டம், மாதிரி எடை. (மாதிரி எடை என்பது ஒவ்வொரு பெண்ணையும் எவ்வளவு கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொல்லும் எண். அதை விட்டுவிடாதீர்கள், சதவீதமெல்லாம் தப்பாகிவிடும்.) அப்புறம் எந்த மாறிகள் வேண்டும் என்று கேட்கும் 'கால் செலக்ட்' (col_select) என்ற இடத்தில் அந்த எட்டை மட்டும் கொடுத்தேன். வெறும் 46 எம்பி. லேப்டாப்புக்கு மூச்சு வாங்கவே இல்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. தர்மபுரிப் பெண்களை மட்டும் கொடு என்று திறக்கும்போதே கேட்க முடியாது. வரிசைகளை எண்ணிக்கை சொல்லி வாங்கலாம், நிபந்தனை சொல்லி வாங்க முடியாது. நாட்டையே உள்ளே கொண்டுவந்து, பிறகுதான் வடிகட்ட வேண்டும்.

என் ஜூனியர் கேட்டாள்: "அக்கா, கடன் வாங்கிப் பதினாறு ஜிபி லேப்டாப் எடுக்கட்டுமா?"

"வேண்டாம் கண்ணு. முழுசாகத் திறந்தால் மூவாயிரம் மாறிக்கே அதுவும் போதாது. உன் ஆய்வுக்கு எந்தெந்த மாறி வேணும்னு முதலில் எழுதிட்டு வா."

மறுநாள் பன்னிரண்டு மாறிகளோடு வந்தாள். அவளுடைய நாலு ஜிபி லேப்டாப்பிலேயே திறந்துவிட்டோம்.